டிஸ்க் கோல்ஃப் கூடைகளின் பிடிப்புத் திறனை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு அதற்கான கூடை ஒன்றை வாங்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உள்ளன. வெளிநாட்டு நிறுவனத்தின் தரமான கூடையைக் கப்பல் செலவோடு வரவழைக்கலாம். மடக்கி எடுத்துச் செல்லும் லேசான பயிற்சிக் கூடையை இணையத்தில் வாங்கலாம். அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்தும் வாங்கலாம். இவற்றில் எது டிஸ்க்கை நன்றாகப் பிடிக்கும் என்று கேட்டால், எதில் சங்கிலி அதிகமோ அதுதான் என்று பெரும்பாலானவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அந்த விடை போதாது. இன்னாவா நிறுவனத்தின் டிஸ்கேட்சர் புரோ 28 சங்கிலிகளுடனும், எம்விபி நிறுவனத்தின் பிளாக் ஹோல் புரோ 24 சங்கிலிகளுடனும், டிஜிஏ நிறுவனத்தின் மாக் எக்ஸ் 40 சங்கிலிகளுடனும் வருகின்றன. இந்த எண்களை வைத்து மூன்றையும் வரிசைப்படுத்த முடியும் என்றால் யாரும் களத்தில் இறங்கிச் சோதிக்க வேண்டியதே இல்லை.

சோதித்துப் பார்க்கிறவர்களும் பெரும்பாலும் தவறான ஒன்றைத்தான் எண்ணுகிறார்கள். ஒரு கூடையில் ஐம்பது பட் (கூடைக்குள் விழவைக்க அருகிலிருந்து எறியும் எறிதல்) எறிந்து எத்தனை விழுந்தன என்று குறித்துக்கொள்வது எறிபவரின் குறியை அளக்கிறதே தவிர, கூடையின் பிடிப்பை அளப்பதில்லை. சங்கிலியில் பட்ட டிஸ்க்குகளில் எத்தனை தங்கின, அவை சங்கிலியின் எந்தப் பகுதியில், எந்த வேகத்தில் பட்டன என்று பிரித்து எண்ணினால்தான் கூடையைப் பற்றி ஏதாவது தெரியவரும். அதற்கான முறையைத்தான் இங்கே விவரிக்கிறேன்.

கூடை பிடிக்கும் விதம்

இன்று உலகெங்கும் உள்ள கூடைகளின் மூல வடிவம் எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கருடையது. வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தபோது அங்கே இலக்குகளாக வெறும் கம்பங்களே இருந்தன. டிஸ்க் கம்பத்தைத் தொட்டதா இல்லையா என்ற வாக்குவாதத்துக்கு இடமில்லாமல் செய்ய, மேலே ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் சங்கிலிகள், கீழே ஒரு தொட்டி என்ற அமைப்பு பின்னர் உருவாகி, 1977இல் காப்புரிமையும் பெற்றது. அடிப்படை அமைப்பு அதற்குப் பிறகு மாறவில்லை. சங்கிலிகளின் அடுக்கு, எடை, தொங்கும் தளர்வு ஆகியவை மட்டுமே மாறிக்கொண்டிருக்கின்றன.

வேகமாக வரும் டிஸ்க்கைச் சங்கிலி இரண்டு வகையில் அடக்குகிறது. தளர்ந்து தொங்கும் சங்கிலி டிஸ்க்கோடு சேர்ந்து உள்ளே நகரும்போது வேகத்தை வாங்கிக்கொள்கிறது. கண்ணிகள் டிஸ்க்கின் விளிம்பில் உரசும்போது சுழற்சியை வாங்கிக்கொள்கிறது. இரண்டும் நடந்தால்தான் டிஸ்க் நேராகக் கீழே தொட்டியில் விழும். குளச்சலில் வலை இழுப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை: விறைத்து நிற்கும் வலையில் மீன் முட்டித் திரும்பும், தளர்ந்த வலையில்தான் சிக்கும். எங்களுக்குக் கூடை செய்து தந்த பட்டறைக்காரர் டிஸ்க் கோல்ஃபைக் கண்ணால் கண்டதில்லை என்றாலும், முதல் கூடையின் சங்கிலியைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, “கிலோ கணக்குல சங்கிலியத் தொங்கவிட்டா மட்டும் போதாது மக்களே, அது ஆடணும்” என்றார். பல விளம்பரங்களைவிட அது சரியான விளக்கம்.

சங்கிலியின் எல்லாப் பகுதியும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. வலக்கையால் பேக்ஹேண்ட் முறையில் (புறங்கை முன்னே வருமாறு) எறிபவரின் டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. அப்படியானால் அதன் முன்விளிம்பு எப்போதும் எறிபவரின் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த டிஸ்க் நடுத்தண்டுக்கு வலப்புறம் உள்ள சங்கிலியில் மோதினால், விளிம்பு சங்கிலியை வலப்பக்கம் தள்ள, சங்கிலி டிஸ்க்கை இடப்பக்கமாக, அதாவது தண்டை நோக்கி உள்ளே திருப்புகிறது. தண்டுக்கு இடப்புறம் மோதினாலோ அதே எதிர்த்தள்ளல் டிஸ்க்கைத் தண்டிலிருந்து விலக்கி வெளியே அனுப்புகிறது. ஆகவே வலக்கை பேக்ஹேண்ட் ஆட்டக்காரருக்கு இடப்புறம் பலவீனமான பக்கம். இடக்கைக்காரருக்கும், வலக்கையால் ஃபோர்ஹேண்ட் முறையில் (உள்ளங்கை முன்னே வருமாறு) எறிபவருக்கும் இது அப்படியே தலைகீழாகும். கூடைகளுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு பெரும்பாலும் இந்தப் பலவீனமான பக்கத்தில்தான் வெளிப்படுகிறது. நடுவில் மிதமான வேகத்தில் மோதும் டிஸ்க்கை ஏறக்குறைய எந்தக் கூடையும் பிடித்துவிடும்.

காற்றும் தரையும்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சோதனையைக் கெடுக்கும் முதல் பொருள் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் தோவாளைப் பக்கத்துத் திறந்த வெளியில் பட் எறிந்து கூடைகளை ஒப்பிடுவது வீண் வேலை. எதிர்க்காற்றில் டிஸ்க் மேலே எழும்பி மேல்வளையத்தில் இடிக்கும். பின்காற்றில் கீழே அமுங்கித் தொட்டியின் விளிம்பில் இடிக்கும். இரண்டிலும் கூடையின் பிடிப்பைப் பற்றி ஒன்றும் தெரியவராது. கடற்கரை ஊர்களில் முற்பகலிலேயே கடற்காற்று கிளம்பிவிடுவதால், முட்டம், குளச்சல் பக்கம் இருப்பவர்கள் விடிந்தவுடன் தொடங்கி வெயில் ஏறும் முன் முடித்துக்கொள்வது நல்லது. காலம் என்று பார்த்தால் இரண்டு மழைக்காலங்களுக்கும் இடைப்பட்ட சனவரி முதல் மார்ச் வரையிலான அதிகாலைகளே எனக்குப் பிடித்தவை. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து காய்ந்த வயல் கிடைத்தால் இடம் தாராளமாக இருக்கும், தப்பிய டிஸ்க்கும் அடிபடாது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் காற்று மிகக் குறைவு என்றாலும், அங்கே காலையில் பால் வெட்டு நடக்கும் என்பதால் உரிமையாளரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூடைகளை அருகருகே, ஆனால் ஒன்றன் டிஸ்க் மற்றொன்றில் படாத இடைவெளியில் நிறுத்த வேண்டும். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏயின் தரநிலைப்படி தொட்டியின் மேல்விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. உயரத்தில், 6 செ.மீ. கூடுதல் குறைவுக்குள் இருக்கலாம். அனுமதிக்கப்பட்ட அந்த 12 செ.மீ. வித்தியாசமே சோதனையில் ஒரு கூடையைச் சிறந்ததாகவும் இன்னொன்றை மோசமானதாகவும் காட்டப் போதுமானது. எனவே தாழ்ந்த கூடைக்கு அடியில் பலகை வைத்தாவது உயரத்தைச் சமன் செய்துகொள்ளுங்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கித் தண்டில் வைத்துச் செங்குத்தையும் பாருங்கள். தண்டு சாய்ந்தால் சங்கிலிகள் ஒரு பக்கம் தண்டோடு ஒட்டி, மறுபக்கம் விலகித் தொங்கும். அப்போது நீங்கள் சோதிப்பது கூடையை அன்று, சாய்வை. மடக்குக் கூடை டிஸ்க் பட்டவுடன் தானே நகர்ந்து வேகத்தின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் என்பதால், அதன் அடியில் மணல் மூட்டை ஒன்றைப் போட்டு அசையாமல் நிறுத்துவதும் தேவை.

டிஸ்க்குகள் எல்லாம் ஒரே வார்ப்பு, ஒரே பிளாஸ்டிக், ஏறக்குறைய ஒரே எடை, ஒரே அளவு தேய்மானம் உள்ளவையாக இருக்க வேண்டும். சொரசொரப்பான மலிவு பிளாஸ்டிக் பட்டர் (பட் எறிவதற்கான டிஸ்க்) கண்ணியில் நன்றாகப் பற்றும். வழவழப்பான உயர்விலை பிளாஸ்டிக் வழுக்கும். பனி ஈரம் பட்டால் இரண்டும் வழுக்கும். ஒரு கூடைக்குப் பழைய டிஸ்க், இன்னொன்றுக்குப் புதிய டிஸ்க் என்று எறிந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு எறிதலுக்குப் பிறகும் தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்பதையும் பலர் பொருட்படுத்துவதில்லை. ஏற்கெனவே கிடக்கும் டிஸ்க்கின் மேல் விழும் அடுத்த டிஸ்க் துள்ளி வெளியேறினால், அந்தப் பழி கூடையின் மேல் விழும்.

எதை எண்ணுவது, எதை விடுவது

எறிபவருக்கு நேர் பின்னால் ஒரு கைபேசியையும், கூடைக்குப் பக்கவாட்டில் இன்னொன்றையும் மெதுவியக்கப் பதிவில் வையுங்கள். பின்னால் உள்ளது டிஸ்க் எந்தப் பக்கம் பட்டது என்பதையும், பக்கவாட்டில் உள்ளது எந்த உயரத்தில் பட்டது, பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லும். வெறுங்கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தங்காத டிஸ்க் எல்லாம் நடுவில் பட்டதாகத்தான் எறிந்தவருக்குத் தோன்றும். அது மனித இயல்பு.

பட்டர் ஒன்றின் விட்டம் சுமார் 21 செ.மீ. ஆகவே டிஸ்க்கின் மையம் தண்டின் மையக்கோட்டிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 10 செ.மீ.க்குள் வந்தால், சங்கிலியைக் கடந்து தண்டிலும் அது மோதும். அந்தப் பகுதியை நடு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு வெளியே, கடைசிச் சங்கிலி வரை உள்ளவை வலம், இடம். இரண்டு பக்கமும் எல்லையாக அமையும் சங்கிலிகளில் வண்ண நாடா ஒரு துண்டைக் கட்டிவிட்டால் பதிவைப் பார்த்துப் பிரிப்பது எளிதாகும். நாடா மெல்லியதாக இருக்கட்டும். கனமான துணி கண்ணியின் ஆட்டத்தை மாற்றிவிடும்.

தொட்டியின் வெளிப்பக்கத்திலோ மேல்வளையத்திலோ மட்டும் பட்டுத் திரும்பியவற்றைப் பிடிப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவை எறிதலின் பிழை. கூடையின் மேல்தட்டில் போய் உட்கார்ந்துகொண்ட டிஸ்க்கும் அப்படித்தான். விதிப்படியும் அது உள்ளே விழுந்ததாகாது. ஆனாலும் அவற்றைத் தனியே குறித்து வையுங்கள். வளையம் தாழ்ந்தோ தொட்டி உயர்ந்தோ இருக்கும் கூடையில் நுழைவாய் குறுகும், அந்தக் குறுக்கம் இந்தத் தனிக் கணக்கில் தெரியும்.

தூரத்தைப் பொறுத்தவரை 4, 7, 10 மீட்டர் என்ற மூன்று கோடுகள் போதும். பட் எறிவதற்கான வட்டம் விதிப்படி 10 மீட்டர்தான். அதற்கு அப்பால் போனால் எறிதலின் வேகமும் கோணமும் ஒரே சீராக இருப்பதில்லை. தூரத்தைவிட முக்கியமானது எறியும் பாணி. சுழற்சி குறைவாக, மேலெழும்பி இறங்கும் மெதுவான எறிதலையும், சுழற்சி மிகுந்து தட்டையாகப் பாயும் எறிதலையும் ஒரே கூடை வேறுவேறு விதமாக ஏற்றுக்கொள்ளும். உங்கள் குழுவில் இரண்டு பாணிக்காரர்களும் இருந்தால் இருவரும் எல்லாக் கூடைகளிலும் சம எண்ணிக்கையில் எறிய வேண்டும். ஒருவர் மட்டுமே இருந்தால், கிடைக்கும் முடிவு அவர் பாணிக்குரியது என்று எழுதி வைத்துவிட வேண்டும்.

முதல் கூடையில் எல்லா எறிதலையும் முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போகக் கூடாது. கை சோர்வதும் காற்று எழுவதும் இரண்டாவதன் தலையில் விழும். முதலாவதில் பத்து, இரண்டாவதில் இருபது, மீண்டும் முதலாவதில் பத்து என்று மாற்றிமாற்றி எறிந்தால் அந்தச் சுமை இரண்டுக்கும் பகிர்ந்து போகும். ஒவ்வொரு சுற்றிலும் கூடையைச் சிறிது திருப்பி வைப்பதும் பயனுள்ளது. ஒரே நிலையில் வைத்தால், ஒரு கூடையில் குறிக்கு நேரே சங்கிலியும் இன்னொன்றில் இரண்டு சங்கிலிகளுக்கு இடையிலான சந்தும் அமைந்துவிடக்கூடும்.

எத்தனை எறிய வேண்டும் என்பதில்தான் ஆர்வக்காரர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள். சங்கிலியில் பட்ட 100 டிஸ்க்குகளில் 90 தங்கின என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியல் கணக்குப்படி, அந்தக் கூடையின் உண்மையான பிடிப்பு விகிதம் ஏறத்தாழ 83 முதல் 94 விழுக்காடு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பக்கத்துக் கூடை 94 பிடித்தால் அது சிறந்தது என்று சொல்ல இடமே இல்லை. 90க்கும் 94க்கும் இடையிலான வேறுபாட்டை ஓரளவு உறுதியோடு கண்டறிய ஒவ்வொரு கூடையிலும் 700 அளவுக்குச் சங்கிலி மோதல்கள் வேண்டும். வார இறுதியில் கூடி ஆடும் ஒரு குழுவுக்கு இது ஆகாத காரியம். ஆனால் பலவீனமான பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. அங்கே ஒரு கூடை 70 விழுக்காடும் மற்றொன்று 85 விழுக்காடும் பிடிக்குமானால், கூடைக்கு 120 மோதல்களிலேயே அந்த வேறுபாடு தெரிந்துவிடும். ஆகவே எறிதல்களில் பெரும்பகுதியை, வேண்டுமென்றே தண்டுக்கு 15 செ.மீ. இடப்புறம், நாடா கட்டிய சங்கிலிக்குச் சற்று வெளியே குறிவைத்து, உறுதியான வேகத்தில் எறியுங்கள். நடுவுக்கும் வலத்துக்கும் ஒரு சிறு பங்கு போதும். நடுவில் எறிந்து 98 விழுக்காடு வந்தது என்று மகிழ்வதால் எந்தக் கூடையை வாங்குவது என்று தெரியப்போவதில்லை.

தங்காத டிஸ்க் சொல்வது

எத்தனை தங்கவில்லை என்பதோடு நிறுத்தாமல், எப்படித் தங்கவில்லை என்பதையும் குறித்தால்தான் சோதனை முழுப் பயன் தரும். குறிப்பாகப் பட்டறையில் செய்த கூடையைத் திருத்த விரும்புகிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு வகைத் தவறும் கூடையின் ஒவ்வொரு பாகத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

சங்கிலிகளுக்கு நடுவே டிஸ்க் ஊடுருவிப் பின்பக்கமாக வெளியேறினால், வெளிவரிசைச் சங்கிலிகளுக்கு இடையில் சந்து அகலமாக இருக்கிறது, அந்தச் சந்துக்கு நேரே உள்வரிசைச் சங்கிலி இல்லை என்று பொருள். இங்கே சங்கிலியைக் கூட்டுவதைவிட, உள்வரிசையை வெளிவரிசைச் சந்துகளுக்கு நேராக வருமாறு மேல்வளையத்தில் கொக்கிகளை மாற்றிப் பற்றவைப்பது பலன் தரும். 12 வெளிச் சங்கிலியும் அவற்றின் சந்துக்கு நேரே 12 உள் சங்கிலியும் கொண்ட கூடை, ஒழுங்கின்றி 30 தொங்கும் கூடையைவிட நன்றாகப் பிடிக்கும் என்பதே என் எதிர்பார்ப்பு. எங்கள் குழுவின் கூடைகளிலும் அப்படித்தான் தெரிகிறது.

டிஸ்க் தண்டில் அடித்து எறிந்தவரை நோக்கியே திரும்பி வந்தால், உள்வரிசைச் சங்கிலி தண்டோடு ஒட்டி விறைத்துக்கிடக்கிறது. சங்கிலிகளைக் கீழே இணைக்கும் வளையத்தைச் சற்று உயர்த்தினால் தளர்வு கூடும். அளவு மீறித் தளர்த்தினாலோ சங்கிலி டிஸ்க்கோடு பின்னால் போய், ஊஞ்சல் போலத் திரும்பி வந்து அதை வெளியே தள்ளிவிடும். சரியான தளர்வைச் சூத்திரம் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கண்ணி கூட்டி, ஒரு கண்ணி குறைத்து, அதே 120 மோதல்களைத் திரும்ப எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க் சங்கிலியில் அடங்கித் தொட்டியில் விழுந்த பிறகு துள்ளியோ விளிம்பில் ஏறி உருண்டோ வெளியேறினால், குற்றம் சங்கிலியில் இல்லை. தொட்டி ஆழமில்லை, அல்லது அடிக்கம்பிகள் மிக விறைப்பாக உள்ளன. பட்டறைக் கூடைகளில் இந்தக் குறை அதிகம் காணப்படுகிறது. கம்பியைச் சிக்கனம் செய்யத் தொட்டியை ஆழமில்லாமல் செய்துவிடுகிறார்கள். அளவு எழுதிக் கொடுக்கும்போது தொட்டியின் ஆழத்தைத் தனியே குறிப்பிட்டு, பட்டரைச் செங்குத்தாக உள்ளே நிறுத்திக் காட்டி விளக்குவது நல்லது.

இடப்பக்கம் பட்டு இடப்பக்கமாகவே வெளியே நழுவுபவை நான்காம் வகை. இவை எல்லாக் கூடையிலும் இருக்கும். இவற்றின் விகிதம்தான் நல்ல கூடையையும் சுமாரான கூடையையும் பிரிக்கிறது. ஓரச் சங்கிலியின் எடை இங்கே பெரிதும் கணக்கில் வருகிறது. லேசான சங்கிலி டிஸ்க்கோடு சேர்ந்து ஒதுங்கி வழிவிடும். கனமான சங்கிலி ஒதுங்க மறுத்துச் சுழற்சியை அறுக்கும். மடக்குக் கூடைகள் இந்த ஒன்றில் பின்தங்குவதற்கு, சுமையைக் குறைக்க மெல்லிய சங்கிலியைப் போடுவதே காரணம். வீட்டு முற்றத்தில் பயிற்சி செய்ய அது ஒரு குறையன்று. பலவீனமான பக்கம் தண்டிக்கப்படும் கூடையில் பழகியவர் நடுவையே குறிவைக்கக் கற்றுக்கொள்கிறார். போட்டி நடத்தும் களத்துக்கு மட்டும் அந்தக் கூடையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிவுகளை எழுதும்போது ஒரே விழுக்காட்டில் அடக்க வேண்டாம். கூடையின் பெயர், தொட்டியின் உயரம், டிஸ்க்கின் வகை, எறிந்தவரின் கையும் பாணியும், அன்றைய காற்று ஆகியவற்றோடு, நடு, வலம், இடம் மூன்றுக்கும் பட்டவை எத்தனை, தங்கியவை எத்தனை என்று தனித்தனியே எழுதினால், பின்னால் வேறொருவர் அதே எண்களோடு தம் எண்களைச் சேர்த்துக்கொள்ள முடியும்.

கடைசியாக, இந்த மாவட்டத்தில் ஒரு முறை சோதித்தால் அது பல ஆண்டுகளுக்குப் போதாது. மேற்குக் கடற்கரையின் உப்புக் காற்றும் இரண்டு பருவமழையும் சங்கிலியைச் சீக்கிரம் துருவேற்றுகின்றன. துருவேறிய கண்ணிகள் ஒன்றோடொன்று இறுகி, சங்கிலி கம்பிபோல விறைத்து, நன்றாகப் பிடித்த கூடை துப்பத் தொடங்குகிறது. மின்முலாம் பூசிய சங்கிலியைவிட, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த சங்கிலியில் பூச்சுத் தடிமன் அதிகம் என்பதால் அது நெடுநாள் தாங்கும். வாங்கும்போது கடையில் இதைக் கேட்டே வாங்குங்கள். கடற்கரைக்கு அருகில் நிரந்தரமாக நிற்கும் கூடையாக இருந்தால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கண்ணிகளைக் கையால் மடக்கிப் பார்த்து, மடங்காதவற்றை மாற்றிவிட்டு, பலவீனமான பக்கத்துச் சோதனையை மட்டும் மறுபடி செய்து பழைய ஏட்டில் அடுத்த வரியாக எழுதிக்கொள்ளலாம்.